பதினாறில் நாலு

ஆற்று அலுவலகத்தில் அவளை எல்லோரும் சர்வரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டர் அறைக்குப் பொறுப்பு அவள், அதனால் வந்த பெயர். புதிதாக வேலைக்கு வந்த சிலர் விவரம் தெரியாமல் அவளிடம் டீ கேட்டிருக்கிறார்கள். "இங்க டீயும் கிடைக்கும், வெள்ளமும் கிடைக்கும். எது மொதல்ல வேணும்?" என்று கேட்டு அவர்களை முழிக்க வைப்பாள்.

அவளுடைய வேலையைச் சொல்வது சுலபம். மலையில் எவ்வளவு மழை, அணைகளில் எவ்வளவு திறந்துவிட்டார்கள் என்ற எண்கள் காலையில் வரும். அவற்றைப் போட்டுவிட்டால், ஆறு எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு எத்தனை அடி ஏறும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சொல்லும். அந்தத் தாளில் பெரிய பொறியாளர் கையெழுத்துப் போட்டால் சைரன் ஊதும். சைரன் ஊதினால் பள்ளத்துத் தெருக்காரர்கள் மேட்டுக்கு ஏறுவார்கள். மலைத் தண்ணீர் ஊருக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகும், கணக்கோ பத்து மணி டீக்குள் முடிந்துவிடும். நடுவில் ஒரு முழுப் பகல் இருக்கிறது. அந்த ஒரு பகலுக்காகத்தான் அவளுக்குச் சம்பளம்.

பள்ளத்துத் தெருவின் கடைசி வீட்டில் அவளுடைய தம்பி அப்பாவை வைத்துக்கொண்டிருந்தான். ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் ரிப்பேர் செய்கிறவன், முன்னறையே கடை. அவன் மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் மொத்தமும் விழுந்துவிட்டது. நல்ல நாளிலேயே ஆறடி ஆள், பீம உடம்பு. படுத்த பிறகும் உடம்பு இளைக்கவில்லை, பேச்சுத்தான் குழறியது. அவரைக் கட்டிலோடு தூக்க நாலு பேர் வேண்டும். "போறப்போ தூக்க நாலு பேரைச் சம்பாதிச்சா போதும்பாங்க. எனக்கு இருக்கறப்பவே நாலு பேர் தேவைப்படுது" என்று அவரே குழறிச் சொல்லிச் சிரிப்பார்.

போன வருஷம் அந்த நாலு பேரும் வந்தார்கள். அந்தக் கதையையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. முழுக் கணக்கு முடியும்வரை பொறுக்காமல், சர்வரம்மா தன் மேஜைக் கம்ப்யூட்டரிலேயே ஒரு தோராயக் கணக்குப் போட்டாள். பள்ளத்துத் தெரு முழுகும் என்று வந்தது. பொறியாளரிடம் ஓடினாள், அவரும் பதறிப் போய் சைரனை ஊதிவிட்டார். தெருவே மூட்டை முடிச்சோடு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏறியது. அப்பாவும் கட்டிலோடு ஏறினார். ஆறு வந்து படித்துறையை நனைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. பள்ளிக்கூடத்துச் சில்லென்ற தரையில் கிடந்ததில் அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, முதுகில் புண்ணும் வந்தது. அந்தப் புண் இன்னும் ஆறவில்லை. ஊர் சிரித்தது. பொறியாளரை மேலிடம் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கியது. அன்றைக்கு வந்ததுதான் உத்தரவு: முழுக் கணக்கு இல்லாமல் இனிமேல் சைரன் கிடையாது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது, பொறியாளரும் சைரன் பொத்தான் இருந்த அறைப் பக்கமே போவதை விட்டுவிட்டார்.

இந்த வருஷம் மலையில் பெரிய மழை பிடித்த அன்று, பத்து மணி டீ வந்தபோது கணக்கு ஆறு சதவீதத்தில் இருந்தது.

முதலில் அவள் நம்பவில்லை. திரைதான் உறைந்துவிட்டது என்று நினைத்தாள். உறையவில்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தது. கணக்கு எப்போதும் முந்தின நாள் காலையிலிருந்து தொடங்கி மணி மணியாக முன்னே வரும். இன்றைய சாயங்காலத்தை அது தொட்டால்தான் விடை தெரியும். இப்போதோ கணக்குக்குள் நேற்றைய பொழுதே சரியாக விடியவில்லை. டீயைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அது ஆறிப் போனது.

கருப்புத் திரையைத் திறந்து, எத்தனை கோர் என்று கேட்கலாம் என்று தோன்றியது. கோர் என்பது வேலையாள் மாதிரி. பதினாறு கோர் இருந்தால் பதினாறு பேர் ஒரே நேரத்தில் கணக்குப் போடுவார்கள். ஆற்றையே அதற்காகப் பதினாறு துண்டாக வெட்டி, ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்திருந்தாள். பழக்கதோஷத்தில் விரல் lscpu என்று தட்டியது. பதினாறு என்று வந்தது. புது மெஷினை ஒப்படைத்த அன்றும் இதையேதான் தட்டினாள், இதே பதினாறுதான் வந்தது. "பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க" என்று பொறியாளர் பின்னால் நின்று வாழ்த்தியதும், அவள் சிரித்துக்கொண்டே எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பியதும் ஞாபகம் வந்தன.

புது மெஷின் என்று சொன்னாலும் அது இங்கே கிடையாது. ஊரில் உள்ள எல்லா அலுவலகங்களின் கம்ப்யூட்டர்களையும் ஒரே இடத்தில் சேர்த்து, பெரிய பெரிய மெஷின்களில் ஆளுக்கு ஓர் அறை மாதிரி பிரித்துக் கொடுத்திருந்தார்கள். கிளவுடுக்கு, அதாவது மேகத்துக்கு ஏற்றிவிட்டோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். அதைப் பார்த்துக்கொள்கிறவனுக்கு அவள் வைத்த பெயர் மேகராசன். பழைய மெஷினைக் கழற்றி எடைக்குப் போட்டாயிற்று. அது இருந்த அறையில் இப்போது கால் ஒடிந்த நாற்காலிகள் கிடக்கின்றன.

ஏனோ இன்னொரு கட்டளையையும் தட்டிப் பார்த்தாள். nproc. அந்த ஐந்தெழுத்தை அவள் எப்போதோ படித்ததுதான், தட்டியது கிடையாது. தேவைப்பட்டதில்லை. பதில் ஒரே இலக்கமாக வந்தது.

நாலு.

வீட்டில் எத்தனை பேர் என்று கேட்பது ஒன்று, அதில் என் வேலைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்பது வேறு. முதல் கட்டளை வீட்டை எண்ணியது. இரண்டாவது, அவளுக்கென்று அனுப்பப்பட்டவர்களை எண்ணியது. பழைய மெஷினில் வீடும் அவளுடையது, ஆட்களும் அவளுடையவர்கள். எதைத் தட்டினாலும் ஒரே விடை வரும். அந்தப் பழக்கத்திலேயே அடுத்தவன் வீட்டுக்குள் போய்த் தலைகளை எண்ணிவிட்டு, எல்லோரும் என் ஆட்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். கோடையில் சோதனை ஓட்டம் விட்டபோது ஆற்றில் கணுக்கால் தண்ணீர்தான் இருந்தது. அதற்கு நாலு பேரே அதிகம், அதனால் குட்டு வெளிப்படவில்லை.

இன்றைக்கு ஆறு முழுக்கத் தண்ணீர். நாலு பேர் பதினாறு துண்டை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ஒரு துண்டின் மட்டம் தெரிந்தால்தான் அடுத்த துண்டைத் தொட முடியும், அதனால் ஒருவருக்கொருவர் காத்துக் கிடந்தார்கள். உட்கார்ந்து எழுந்திருக்கவே நேரம் சரியாக இருந்தது.

மேகராசனுக்குப் போன் போட்டாள்.

"பதினாறு இருக்கே மேடம். நீங்கதானே செக் பண்ணிட்டு ஓகே சொன்னீங்க?"

"இருக்குப்பா, இல்லேங்கல. எனக்கு எத்தனை?"

அந்தப் பக்கம் கீபோர்டு சத்தம் கேட்டது.

"நாலு மேடம்."

"மிச்சம் பன்னெண்டும் யாருக்கு?"

"யாருக்கும் இல்ல, மத்த ஆபீஸெல்லாம் வேற மெஷின்ல. சும்மாதான் இருக்கு. அவசரத்துக்குன்னு ஒதுக்கி வெச்சிருக்கு."

"இதுதாம்ப்பா அவசரம்!"

"புரியுது மேடம், சத்தியமா புரியுது. ஆனா அவசரம்னு மேலேர்ந்து சொல்லணும். நானாத் தொட்டா என் வேலை போயிடும். உங்க ஆபீஸ்ல சைரன் ஊதினாலே போதும், அதைக் காட்டி நானே தொறந்து விட்ருவேன்."

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பது இதுதான். சைரன் ஊதினால்தான் கோர் கிடைக்கும், கோர் கிடைத்தால்தான் சைரன் ஊதும். மேகராசன் கெட்டவன் இல்லை. மேலிடத்துக்கு அப்போதே எழுதினான், பதில் சொல்ல வேண்டியவர் கூட்டத்தில் இருந்தார். கூட்டம் மழைக்கால முன்னேற்பாடு பற்றியது என்று பின்னால் தெரிந்தது.

அவள் ஓடிக்கொண்டிருந்த கணக்கை நிறுத்தினாள். காலையிலிருந்து ஓடியதெல்லாம் வீண். ஆற்றை நாலே துண்டாக வெட்டி, நாலு பேருக்கும் ஆளுக்கொன்றாகக் கொடுத்து, முதலிலிருந்து தொடங்கினாள். இப்போது தடங்கல் இல்லாமல் ஓடியது. ஆனாலும் நாலு பேர் நாலு பேர்தான். முடிய நள்ளிரவு தாண்டிவிடும் என்று மனக்கணக்கே சொல்லியது. கூடவே தன் மேஜைக் கம்ப்யூட்டரில் தோராயக் கணக்கையும் போட்டாள். பள்ளத்துத் தெரு முழுகும் என்றது. போன வருஷமும் இதையேதான் சொன்னது.

பொறியாளர் தாளை வாங்கி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது அந்தத் தோராயம்தானேம்மா?"

"ஆமா சார். ஆனா இந்தத் தடவை மழை நிஜமாவே ஜாஸ்தி."

"போன தடவையும் நீ இப்படித்தான் சொன்னே. நானும் இப்படித்தான் நம்பினேன்." அவர் குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது. "முழுக் கணக்கு வரட்டும்மா. வந்த அடுத்த நிமிஷம் ஊதறேன். எவ்வளவு ஆயிருக்கு?"

"இப்பத்தான் சார் ஆரம்பிச்சிருக்கேன்."

அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். கிழித்துப் போட்டிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

தம்பிக்குப் போன் போட்டாள். பின்னால் ஏதோ மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

"என்னக்கா, மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" என்று சிரித்தான்.

"டேய், அப்பாவை மேட்டுக்குக் கொண்டு போயிடு. சொன்னா கேளு."

"மெஷின் சொல்லுதா, நீ சொல்றியா?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். மெஷின் சொல்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் கிளம்பியிருப்பான். ஆனால் போன வருஷத்துப் புண் அவள் கண் முன்னால் வந்தது. அதற்கு மருந்து போட்டுக் கட்டுகிறவன் அவன், வாராவாரம் போய்ப் பார்த்துவிட்டு அழுகிறவள் அவள். இன்னொரு தடவை தப்பாகிவிட்டால்? அந்த ஒரு நொடித் தயக்கத்தை அவளால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

"நான்தான் சொல்றேன்," என்றாள்.

"அப்ப மெஷின் சொல்லட்டும்க்கா. அவரைத் தூக்க நாலு பேர் வேணும். தெருவுல எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்க, நானும் ஒரு கிழவியும்தான் இருக்கோம். சைரன் ஊதினா அவனவன் வேலையப் போட்டுட்டு ஓடி வருவான். என் பேச்சைக் கேட்டு யார் வருவா?"

"வண்டி ஏதாவது பிடிச்சுட்டு நான் வரட்டுமா?"

"நீ வந்து என்ன பண்ணுவ? நீ அங்க இரு. கணக்கு முடிஞ்சதும் ஊதச் சொல்லு, அது போதும்." பிறகு குரலை இறக்கிக்கொண்டான். "அப்பா உன்னைக் கேக்கறாரு. டீயாவது குடிச்சியான்னு."

அவள் போகவில்லை. போனால் கணக்கை யார் பார்ப்பது, நடுவில் நின்றுவிட்டால் யார் மறுபடி ஓட்டுவது என்று தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். நியாயம் என்னவோ சரிதான். அந்தத் தெருவில் அவள் அப்பா மட்டுமா இருக்கிறார்? வேலை விட்டு வருகிறவர்கள், பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்து இருப்பது ஒரே சைரன். அந்தச் சைரனுக்கும் அவளுக்கும் நடுவில் அந்தச் சதவீதம்தான் நின்றது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு புள்ளி ஏறினால் உயிர் வந்த மாதிரி இருக்கும், அடுத்த புள்ளிக்குள் போய்விடும்.

பிற்பகலில் மழை விட்டது. வெயில்கூட அடித்தது. பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்து, "என்ன சர்வரம்மா, வெள்ளத்தை வெயில் குடிச்சிருச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மலையில் பெய்தது கீழே வந்துகொண்டிருக்கிறது என்பது அவர்களுக்கும் தெரியும். தெரிந்தாலும் வெயிலைப் பார்த்ததும் மனசு வெயிலைத்தான் நம்புகிறது. அவளே ஒரு கணம் நம்பினாள். நம்பியதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

மேகராசன் போன் செய்தான். மேலிடத்தின் கூட்டம் முடிந்ததாம், நாளைக் காலை முதல் வேலையாகப் பார்க்கிறோம் என்று பதில் வந்திருக்கிறதாம். "ஸாரி மேடம்" என்றான். அவள் பரவாயில்லை என்று சொன்னாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

வெளியே விளக்கு வைக்கும் நேரம். கணக்குக்குள் இன்னும் அன்றைய காலைதான். உள்ளே ஆறு கரைக்குள் சாதுவாக ஓடிக்கொண்டிருந்தது. அப்போது தம்பியே கூப்பிட்டான்.

"அக்கா, தண்ணி வாசப்படிக்கு வந்துடுச்சு. அவனவன் பிள்ளை குட்டியத் தூக்கிட்டு ஓடறான். உன் மெஷின் என்ன சொல்லுது?"

திரையைப் பார்த்தாள். தம்பி கேட்ட கேள்விக்கு அதனிடம் விடை இல்லை, அது இன்னும் காலையில் இருந்தது.

"டேய், நீயாவது கிளம்பு. மாடிக்கு ஏறு, யார் வீட்டு மாடியானாலும் பரவால்ல."

"அவரை விட்டுட்டா?"

"டேய்..."

"பெரிய ஃபிரிட்ஜ் ஒண்ணு படுக்க வாட்டத்துல இருக்குக்கா. அதும் மேல ஏத்திப் பாக்கறேன். ஒரு பக்கம் தூக்கினா மறு பக்கம் சரியுது." மூச்சு வாங்கியது. அப்பா ஏதோ சொன்னார், அவளுக்குப் புரியவில்லை. தம்பி அவரிடம், "சும்மா இருப்பா, நான் இருக்கேன்ல" என்றான். பிறகு போன் கட்டானது. மறுபடி போட்டாள், அடிக்கவில்லை.

அவள் கத்திக்கொண்டே ஓடினாள். பொறியாளர் அவள் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். தாளும் கேட்கவில்லை, கணக்கும் கேட்கவில்லை, தானே போய்ப் பொத்தானை அமுக்கினார். சைரன் ஊரெல்லாம் கேட்க ஊதியது. அப்போது பள்ளத்துத் தெருவில் தண்ணீர் ஜன்னலைத் தாண்டியிருந்தது. அடுத்த நிமிஷமே மேகராசன் மிச்சம் பன்னிரண்டையும் திறந்துவிட்டான், சொன்ன சொல் தவறவில்லை.

கணக்கு எப்போது முடிந்தது என்று அவள் கவனிக்கவில்லை. மறுநாள் யாரோ அச்செடுத்து மேஜையில் வைத்திருந்தார்கள். எந்தத் தெரு, எத்தனை அடி, எத்தனை மணிக்கு என்று எல்லாம் சுவரில் படிந்த சேற்றுக் கோட்டோடு அப்படியே பொருந்தியது. மேலிடத்திலிருந்து வந்தவர்கள் அளந்து பார்த்துவிட்டுத் துல்லியம் என்று பாராட்டினார்கள். தெருவின் கடைசி வீடு வரைபடத்தில் அடர்நீலமாக இருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

அப்பாவைத் தூக்க நாலு பேர் வந்தார்கள். போன வருஷம் வந்த அதே நாலு பேர். தம்பியைத் தூக்க இன்னும் நாலு பேர் வேண்டியிருந்தது, அவர்களும் வந்தார்கள். யாரும் கூப்பிடவே வேண்டியிருக்கவில்லை.

விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய பிறகு, புது உத்தரவு வந்திருப்பதாகப் பொறியாளர் சொன்னார். பதினாறும் இனி ஆற்று அலுவலகத்துக்கே. சோதித்துப் பார்த்துச் சொல்லச் சொல்லியிருந்தார்கள். அவள் nproc தட்டினாள், பதினாறு வந்தது. நம்பாமல் இன்னொரு தடவை தட்டினாள். பிறகு சோதனைக்காக வெள்ளம் வந்த அன்றைய மழை எண்களையே போட்டு ஓட்டினாள். வேறு எண்களைப் போட அவளுக்குக் கை வரவில்லை.

பத்து மணி டீ வரும்போது கணக்கு முடிந்திருந்தது. பொறியாளர் டீயோடு வந்து அவள் பின்னால் நின்றார்.

"முடிஞ்சிருச்சாம்மா? பள்ளத்துத் தெருவுக்கு எப்ப வரும்னு காட்டுது?"

"சாயங்காலம் சார். விளக்கு வெக்கற நேரம்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அப்ப நமக்கு நெறைய நேரம் இருக்கே" என்றார், பல வருஷம் சொல்லிப் பழகிய வாய். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. டீக் கோப்பையைக் குடிக்காமலே அவள் மேஜையில் வைத்துவிட்டார்.

"ஆமா சார்," என்றாள் அவள். "நெறைய நேரம் இருக்கு."